மூன்றாம் கம்பியில் ஓர் இரைச்சல்

மேடம், அந்தக் கிட்டாரில் மூன்றாம் கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால் ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. பெரிய இரைச்சல் இல்லை. மூடிய ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்ட ஈ ஒன்று விட்டுவிட்டுப் பறப்பது போல. முந்தைய ஃப்ரெட்டில் சுத்தம். அடுத்த ஃப்ரெட்டில் மணி மாதிரி இருக்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஈ.

நான் பத்தொன்பது வருடமாகக் கிட்டார் பழுது பார்க்கிறவன். கழுத்தில் பதித்திருக்கும் உலோகப் பட்டிகளுக்குத்தான் ஃப்ரெட் என்று பெயர். கம்பி தாழ்வாக இருந்தால் அதிரும்போது அந்தப் பட்டிகளில் உரசி இரையும். சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இந்தக் கிட்டாரில் கம்பி உரச வாய்ப்பே இல்லை. அவ்வளவு உயரத்தில் இருந்தது. திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். வயர்களைத் தொட்டுப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களைக் கழற்றி மாட்டினேன். பத்து நாள் இப்படியே ஓடியது. ஈ போகவில்லை.

படிவத்தை நிரப்பச் சொன்னால் இவன் ஈயைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் கேட்டிருக்கும் ஒன்பது கேள்விகளும் கடைசியில் அந்த ஈயிடம்தான் போய் நிற்கின்றன. பொறுமையாக வாருங்கள், சொல்கிறேன்.

உங்கள் படிவம் வந்ததும் எனக்கு ஒரே துள்ளல். கிட்டாரின் எடை, கழுத்தின் அகலம், கம்பியின் தடிமன், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். பிசியோதெரபி படித்தவர் ஒருவருக்குப் பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை விசாரிக்கத் தோன்றியதே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. கடைக்கு வருகிறவர்கள் கிட்டாரின் நிறத்தைக் கேட்பார்கள். படிவத்தின் அடியில் ‘உண்மையான அளவுகளை மட்டும் எழுதவும்’ என்று சிவப்பில் கோடும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோடு தேவையில்லை. நான் இதுவரை ஒரு அளவைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் கேள்வி: என்ன வகைக் கிட்டார், எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

என் மனைவியை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். உருவம் அப்படி. தோள் சின்னது, கை சின்னது, சாப்பாடும் அப்படித்தான். வாசிக்க ஆரம்பித்தால் மட்டும் அறையே அவளுடையது. கல்யாணத்துக்கு முன் அவள் எங்கள் கடையின் வாடிக்கையாளர். அப்போது என்னை “மாஸ்டர்” என்று கூப்பிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகும் அதையே தொடர்ந்தாள். கேலி பாதி, மரியாதை பாதி. எது எந்தப் பாதி என்று நான் கேட்டதில்லை.

அவளிடம் முன்பு இருந்தது நாலரைக் கிலோ கிட்டார். உடம்பு முழுவதும் ஒரே பலகை. இரண்டு மணி நேரம் மேடையில் நின்றுவிட்டு வந்தால் இடது தோளில் பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும். தங்கைக்கு முதுகெலும்பு வளைந்துவிடும் என்று அவள் வாசிக்கும் இசைக்குழுவின் டிரம்ஸ்காரர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவரை இடி என்பார்கள். ஆறடி உயரம், டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் இடி, எழுந்தால் பூனைக்குட்டி மாதிரிப் பேசுவார். குருவியைத் தங்கச்சியாக வரித்துக்கொண்டவர், அந்த உரிமையில் என்னை மாப்ளே என்பார்.

“மாப்ளே, கடை நிறைய கிட்டாரை வச்சுக்கிட்டு வீட்டுல இருக்கிறவளை மூட்டை தூக்க விடுறீங்களே, இது உங்களுக்கே அடுக்குமா?”

அடுக்காதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை, முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு குருவியை அழைத்துப் போனேன். பதினோரு கிட்டார்களை எடுத்து வரிசையாக நிறுத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது. கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மின் கிட்டார்களில் மூன்று குடும்பம் உண்டு மேடம். முதல் குடும்பத்துக்கு உடம்பு முழுக்கக் கட்டை. குரல் நீளமாக நிற்கும், ஆனால் கனம். இரண்டாவது குடும்பத்துக்கு உள்ளே முழுக்கக் காலி. தூக்கினால் தலையணை மாதிரி இருக்கும், குரலில் காற்று இருக்கும். ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஊளையிடும். காரணம் எளிது. ஸ்பீக்கரின் சத்தம் மெல்லிய மேல்பலகையை ஆட்டுகிறது, பலகை கம்பியை ஆட்டுகிறது, கம்பி மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. ஒருவருக்கொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டே போய்க் கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து ஒப்பாரி. மூன்றாவது குடும்பம் செமி-ஹாலோ. கழுத்திலிருந்து வால்வரை நடுவில் ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் காலி அறைகள். கட்டை ஊளையை அடக்குகிறது, அறைகள் குரலுக்குக் காற்றைத் தருகின்றன, தோளுக்கு எடையைக் குறைக்கின்றன. சமரசம் என்றால் இரண்டு தரப்பும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். இது இரண்டு தரப்பும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற சமரசம்.

ஒன்பதாவது கிட்டாரை எடுத்து மடியில் வைத்தவள் வாசிக்கவே இல்லை. சும்மா கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாஸ்டர், இது என் மேல உட்காருது. மத்ததெல்லாம் நான்தான் அதுங்க மேல தொங்கிக்கிட்டு இருந்தேன்.”

“வாசிச்சுப் பாரு.”

“இருங்க. மொதல்ல பழகிக்கிறோம்.”

பிறகு வாசித்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரலைச் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த துணியை முகத்தில் வைத்தால் ஒரு சூடு வருமே, அப்படி. இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் எடை. கழுத்தின் அகலம் அவள் விரல் நீளத்துக்கு அளந்து செய்தது போல நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். அங்கேயே மிக மெல்லிய கம்பி போட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை 1.60 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த உயரத்தில் தொட்டாலே போதும், அழுத்த வேண்டியதில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கிட்டாரைச் சரிசெய்து முடித்ததும் தேதியையும் கம்பி உயரத்தையும் ஒரு சிறு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டுவோம். அடுத்து யார் திறந்தாலும் முன்னால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா. செமி-ஹாலோவின் மேல்பலகையில் இரண்டு பக்கமும் வளைந்த துளைகள் இருக்கும். நீள இடுக்கியால் அதன் வழியே சீட்டை விட்டு உள் சுவரில் அமுக்கிவிடலாம். அன்றைக்கு ஒட்டியது முதல் சீட்டு. தேதி, 1.60, கீழே என் சுருக்கொப்பம். பக்கத்தில் ஒரு சிறிய குருவியும் வரைந்தேன். அது மட்டும் தொழிலில் இல்லாத வழக்கம்.

அந்தக் கிட்டார் வந்த பிறகு குழுவின் தலையெழுத்தே மாறியது. ஓட்டல் வரவேற்பறையில் வாசித்துக்கொண்டிருந்த நாலு பேரை ஆட்கள் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். தட்டில் கரண்டி படாமல் சாப்பிட்டார்கள். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் இடி படியேறி வந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, அவர் ஏறினால் கைப்பிடிச் சுவர் அதிரும்.

“தங்கச்சி, உட்காரு. மாப்ளே, நீங்களும் உட்காருங்க. நானும் உட்கார்ந்துக்கிறேன், இல்லேன்னா விழுந்துடுவேன்.”

உல்லாசக் கப்பல் ஒன்றில் எட்டு மாத ஒப்பந்தம். நாலு பேருக்கும் வேலை, தங்க அறை, போகிற துறைமுகத்தில் எல்லாம் ஒரு நாள் இறங்கிச் சுற்றலாம். புறப்பட இன்னும் பதிமூன்று வாரம்.

குருவி எழுந்து சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். எதற்குப் போனாய் என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, மூவரும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

“மாஸ்டர், நீங்களும் வாங்களேன். கிட்டார் பழுது பார்க்க ஆள் வேணாமா அங்க?”

இடி தலையை ஆட்டினார். கப்பலில் அவர்களுடைய ஆளே ஒருவர் இருக்கிறாராம். நல்லவராம்.

“எட்டு மாசம்தானே,” என்றேன் நான்.

என் குரலில் வருத்தம் இருந்ததா என்று நீங்கள் அவளிடம் கேட்டுப் பார்க்கலாம். இல்லை என்பாள். எனக்குச் சந்தோஷம்தான். கடையில் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். முதலாளிக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குப் புதிய பெட்டி வாங்கினேன், உள்ளே மெத்தை வைத்தது. தோளில் மாட்டும் பட்டையை அகலமானதாக மாற்றினேன், மெல்லிய தோலுக்கு அடியில் பஞ்சு. கிட்டார் உடம்பின் விளிம்பு அவள் முன்கையில் பதிகிற இடத்தை இழைத்து வழவழப்பாக்கினேன். வசதி என்பது இப்படிப்பட்ட பத்து சின்ன விஷயங்களின் கூட்டு. அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை.

வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை காலை எனக்குக் கடை தாமதமாகத் திறக்கும், அவளுடைய கிட்டாரைத் துடைத்துச் சுருதி பார்த்து வைப்பது அன்றைக்குத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், இது உங்கள் நான்காவது கேள்விக்கு அடிப்படை. கம்பி தாழ்வாக இருந்தால் விரலுக்குச் சுகம். ஆனால் கம்பி அகலமாக அதிர இடம் இல்லை. கம்பியை உயர்த்தினால் அதிர்வுக்கு இடம் கிடைக்கும், குரல் பெருக்கும், அடியில் ஒரு தடிமன் வரும். விரல்தான் கூடுதலாக அழுத்த வேண்டும். சுகமும் குரலும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. கப்பல் அரங்கம் பெரியது, குரல் பெரிதாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நியாயமான யோசனை. எந்தப் பழுதுபார்ப்பவரைக் கேட்டாலும் நியாயம் என்பார்.

கம்பிகள் ஊன்றி நிற்கும் உலோகத் துண்டுக்கு பிரிட்ஜ் என்று பெயர். அதன் இரண்டு ஓரத்திலும் சின்னச் சக்கரம் போல ஒவ்வொரு திருகு. கருவி வேண்டாம், விரலாலேயே திருகலாம். ஒரு சுற்றில் கால் பங்கு திருகினால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி 0.09 மில்லிமீட்டர் உயரும். ஒரு தலைமுடியின் கனம். அந்தத் தலைமுடியை நீங்கள் கிட்டாரில் கண்டுபிடிக்க முடியாது. நானே கண்ணால் கண்டுபிடிக்க மாட்டேன், அளவுகோல் வேண்டும்.

அந்த வியாழக்கிழமை கால் சுற்று திருகினேன். சுருதி பிசகாமல் ஒவ்வொரு கம்பியையும் மறுபடி சரிசெய்தேன். சீட்டில் தேதியும் 1.69ம் எழுதி உள்ளே ஒட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை இன்னொரு கால் சுற்று. 1.78.

குரல் நிஜமாகவே பெருகியது மேடம். நான் கதை விடவில்லை. ஒத்திகை முடிந்து வந்த இடி, “மாப்ளே, கிட்டாருக்கு என்ன ஊட்டி வளர்க்கறீங்க?” என்று கேட்டார். எனக்குக் காது வரை சூடு ஏறியது. நான்காவது வாரம் கம்பியை ஒரு படி தடிமனாக மாற்றினேன். குரல் இன்னும் வட்டமாக வந்தது. ஏழாவது வாரம் இன்னும் ஒரு படி. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளத்துண்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டையும் வைத்தேன். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் அழுத்துவது அதனால் கொஞ்சம் கடினமாகும், ஆனால் திறந்த கம்பிகள் பேசும் விதம், அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அவள் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தாள்.

“மாஸ்டர், கொஞ்சம் முரண்டு பண்ணுதே இது.”

“புதுக் கம்பி. இழுபட்டு அடங்க ரெண்டு நாள் ஆகும்.”

“விரல் நுனி எரியுது.”

“நிறைய வாசிக்கிற. கொஞ்சம் ஓய்வு எடு.”

“ஓய்வா? முப்பத்தாறு பாட்டு பாக்கி இருக்கு. கிட்டார் சரியாத்தான இருக்கு?”

“கடையிலேயே வசதியான கிட்டார் அதுதான்,” என்றேன். அது பொய் இல்லை. தோளுக்கு நோவு இல்லை, முன்கையில் உறுத்தல் இல்லை, மடியில் பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உடம்பு முழுக்கச் சுகம் என்று சொல்லும்போது நாலு விரல் மட்டும் முனகினால் யார் பேச்சு எடுபடும்? அவள் விரல்களைத்தான் திட்டினாள். சோம்பேறி என்றாள். இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவள் வேலை வாசிப்பது, என் வேலை சரிசெய்வது. ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

ஐந்தாவது வாரம் இடது மணிக்கட்டில் வலி. சாயங்காலம் தைலம் தேய்த்துவிட்டேன். கை என் மடியில் இருந்தது. நெடுநாளாக அவள் அவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவளுடைய பழைய மேடைக் கூத்துகளை எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

எட்டாவது வாரம் சுண்டுவிரல் மரத்தது. அப்போதுதான் உங்களிடம் வந்தோம். நினைவிருக்கும், அவள் கைப்பையை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டு வாரம் கிட்டாரைத் தொடக் கூடாது என்றீர்கள். தொடவில்லை. கை தேறியது. விரலை மடக்கி நீட்டச் சொல்லி நீங்களே கைதட்டினீர்கள். மறுபடி வாசிக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் முன்பைவிட மோசம். “என்னோட பயிற்சி எல்லாருக்கும் கேட்குது, உங்களுக்கு மட்டும் ஏன் கேட்கல?” என்று நீங்கள் நெற்றியைச் சொறிந்தீர்கள். எனக்கு உங்கள் மேல் இரக்கமாக இருந்தது. ஒரு பொறி எங்கே சிக்குகிறது என்று தெரியாமல் தவிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது, தொழில் அனுதாபத்தில்.

அந்த இரண்டு வாரமும் கிட்டார் பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை வந்தது. பெட்டியைத் திறந்து கால் சுற்று திருகிச் சீட்டு ஒட்டினேன். கை ஓய்வில் இருக்கிறது என்பதற்காக நான் என் வேலையைப் பாதியில் விடுகிறவன் இல்லை.

பன்னிரண்டாவது வாரம் அவள் இடியைக் கூப்பிட்டு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள். அவர் மூன்று மாடி ஏறி வந்து, குருவியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுதால் சோபா குலுங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குருவிக்கு அதில் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா பார்த்துக்குங்க மாப்ளே,” என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் கப்பல் போனது. குருவியின் இடத்தில் வாசிக்க வேறொரு பெண் போனாள்.

பிறகு எங்கள் வீட்டில் வந்த நாட்களைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். சட்டைப் பொத்தானை அவளால் போட முடியாது. நான் போட்டேன், ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. தலையை நான் வாரினேன். முதல் நாள் நான் பின்னிய பின்னலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இது கிட்டார் கம்பி இல்ல மாஸ்டர், மண்டையோட இழுக்காதீங்க,” என்றாள். இருவருக்கும் வயிறு நொந்தது சிரிப்பில். பாட்டிலின் மூடியை நான் திறந்தேன், ரொட்டியில் வெண்ணெயை நான் தடவினேன். கடையிலிருந்து ஓடி வருவேன், மூன்று மாடியும் இரண்டு இரண்டு படியாக. கதவைத் திறந்தால் அவள் இருப்பாள். எட்டு மாதம் இல்லாமல் போயிருக்க வேண்டியவள், அங்கேயே, ஜன்னலோரம். காதலித்த காலத்தில்கூட எனக்கு இப்படித் தலை சுற்றியதில்லை.

கப்பல் போன மறுநாளும் வியாழக்கிழமைதான். ஏன் திருகினேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அரங்கம் இல்லை, கப்பல் இல்லை, குரல் பெருக வேண்டிய அவசியமும் இல்லை. கை தேறிவிட்டால் அடுத்த கப்பல் வரும் என்று நான் நினைத்ததாக நினைவில்லை. கை தானாகப் போய்த் திருகிவிட்டது. பதினாலாவது கால் சுற்று. 2.86. சீட்டை ஒட்டினேன். அவசரத்தில் பசை கொஞ்சம் குறைவு.

அதன் பிறகுதான் ஈ வந்தது.

குருவி கிட்டாரை முழுக்க விடவில்லை. ஒற்றை விரலால், ஒவ்வொரு ஸ்வரமாக, மெதுவாக எடுத்துப் பார்ப்பாள். அப்படி எடுக்கும்போது ஒருநாள் தலையைச் சாய்த்தாள்.

“மாஸ்டர், மூணாம் கம்பியில என்னமோ இருக்கு.”

எனக்கு வேலை வந்துவிட்டது. தேடினேன். முதலில் சொன்னேனே, திருகு, வயர், குமிழ். பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று என்னிடம் உண்டு, துளை வழியாக உள்ளே விட்டுப் பார்க்க. அதை வைத்தும் பார்த்தேன். சீட்டுகள் கண்ணில் பட்டன. என் கையெழுத்து, ஒழுங்காக, ஒன்றன்மேல் ஒன்றாக. சந்தேகப்பட அதில் என்ன இருக்கிறது? கண்ணாடியை எடுத்துவிட்டேன். வேறெங்கோ தேடினேன்.

பத்தாம் நாள் நான் கடையிலிருந்து வந்தபோது அவள் மேசையில் கிட்டார், விளக்கு, கண்ணாடி, இடுக்கி. பதினைந்து சீட்டுகள் வரிசையாக. வலது கையால் மட்டும் எடுத்திருக்கிறாள். நேரம் ஆகியிருக்கும்.

“கண்டுபிடிச்சுட்டேன்,” என்றாள். “கடைசிச் சீட்டோட ஓரம் பேர்ந்திருக்கு. அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் உள்ள இருக்கிற காத்து அதைச் சரியாத் தட்டுது. படபடன்னு அடிச்சுக்குது.”

எனக்கு வந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வது. எவ்வளவு அழகான காரணம். காலி அறைக்கு என்று ஒரு சொந்த ஸ்வரம் இருக்கும், அதைத் தொட்டால் மட்டும் உள்ளே இருக்கும் காற்று முழுசாக எழுந்து நிற்கும். காகிதம் அதற்குத்தான் நடனம் ஆடியிருக்கிறது. பத்தொன்பது வருட அனுபவம் தோற்ற இடத்தில் என் மனைவியின் காது ஜெயித்திருக்கிறது. அவளைப் பாராட்ட வாயெடுத்தேன்.

“1.60,” என்று அவள் படிக்க ஆரம்பித்தாள். “நாம வாங்கின நாள். குருவி போட்டிருக்கீங்க. 1.69, இடி அண்ணன் வந்துட்டுப் போன வாரம். 1.78. 1.87.” ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். “1.96, தடிக் கம்பின்னு எழுதியிருக்கீங்க. 2.05, மணிக்கட்டு வலிச்ச வாரம். 2.32, எனக்கு விரல் மரத்துப்போன வாரம். 2.41, 2.50. இந்த ரெண்டு வாரமும் நான் வாசிக்கவே இல்லையே.”

அளவுகளை அவள் பிழையில்லாமல் படித்தாள். எனக்கு அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது.

“எதுக்கு?” என்றாள்.

“குரலுக்கு,” என்றேன்.

அவள் இடது கையை மேசையில் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“குரல் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள். “என் சட்டைப் பொத்தானைப் போடறப்போ நீங்க ஒரு பாட்டு முணுமுணுப்பீங்க. வலியில இருக்கிறவளுக்குத் தெம்பு கொடுக்கறீங்கன்னு நினைச்சேன்.”

மாஸ்டர் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். சீட்டுகளை ஓர் உறையில் போட்டுக்கொண்டு, மேல்பொத்தான் திறந்தபடியே, அக்கா வீட்டுக்குப் போனாள். கிட்டாரை மேசையிலேயே விட்டுவிட்டாள். அந்த உறையைத்தான் அவள் உங்களிடம் காட்டியிருக்கிறாள், உங்கள் படிவம் அதற்கடுத்த நாள் வந்தது. சுண்டுவிரலில் உணர்ச்சி திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது என்று நீங்கள் சொன்னதாக அவளுடைய அக்கா போனில் சொன்னார். பிறகு என் பேச்சைக் கேட்காமலே வைத்துவிட்டார்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். கழுத்து நாற்பத்திரண்டு. கம்பியின் தடிமன், ஆரம்பத்தில் போட்டதைவிட இரண்டு படி அதிகம். கம்பியின் உயரம் 2.86. திருகியது யார் என்ற கேள்வி படிவத்தில் இல்லை, ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: நான். தெரிந்தா, தெரியாமலா என்றும் நீங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு கால் சுற்றும் தெரிந்துதான். முதல் கால் சுற்றைத் திருகும்போதே பதினாலாவது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். கணக்கு போட்டுப் பார்த்தேன். பதிமூன்று வாரம் போதும் என்று வந்தது. அவள் போகக் கூடாது, அவ்வளவுதான். அவளுக்குத் துன்பம் வரக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு தலைமுடி கனம், ஒரே நாளில் மூன்றரைச் சுற்று திருகியிருந்தால் எவ்வளவு வலித்திருக்கும்.

ஒன்பதாவது கேள்வி: கைக்கு ஏற்றதாக மாற்ற என்ன செய்ய வேண்டும். இரண்டு திருகையும் மூன்றரைச் சுற்று இறக்க வேண்டும். பழைய மெல்லிய கம்பியைப் போட வேண்டும். பள்ளத்துண்டுக்கு அடியில் இருக்கும் காகிதத்தை எடுக்க வேண்டும். இருபது நிமிட வேலை. போன வியாழக்கிழமை செய்துவிட்டேன். இப்போது 1.60. தொட்டாலே போதும்.

சீட்டு மட்டும் ஒட்டவில்லை.

குருவியைப் பார்த்தால் ஒரு செய்தி சொல்லிவிடுங்கள், கேட்டால் சந்தோஷப்படுவாள். மூன்றாம் கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் பல தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன், வீட்டில் வேறு சத்தமே இல்லாததால் நன்றாகக் கேட்க முடிகிறது. ஈ இல்லை. அவள் சொன்ன காரணம்தான் சரி. உள்ளே இருந்த சீட்டுகளை எடுத்தால் போதும், இரைச்சல் நின்றுவிடுகிறது.